பட்டாளத்துத் தாத்தாவின் நிலம்

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்பதால் அதற்கு ராணுவப்பேட்டை என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பழைய வடஆற்காடு ஜில்லாவின் பல கிராமங்களில் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று ஒன்றைக் கைகாட்டுவார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ தொங்கும். விறைப்பான உடுப்பு, முறுக்கிய மீசை. டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றிய மெடல் ஒன்று கிடக்கும். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் இரண்டு கதை சொல்வார்கள். பர்மாக் காட்டில் பத்து நாள் சோறு இல்லாமல் நடந்தாராம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தோளில் தட்டிக் கொடுத்தாராம். அவ்வளவுதான் குடும்ப வரலாறு.

இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. அந்தத் தாத்தா பட்டாளத்தில் இருந்தது ஐந்து வருடமோ ஏழு வருடமோ. அதற்கு முன்னால் பதினெட்டு இருபது வயது வரை மாடு மேய்த்தார், ஏர் பிடித்தார். திரும்பி வந்த பிறகு இன்னும் முப்பது நாற்பது வருடம் அதே ஏரைப் பிடித்தார். வாழ்நாளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே ஆன காலம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. மிச்சம் ஒன்பது பங்கைப் பற்றிக் கேட்டால், "விவசாயம் பார்த்தார்" என்று இரண்டே வார்த்தையில் பதில் வருகிறது. உழவரும் படைவீரருமாக வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அவர் ஏன் பட்டாளத்துக்குப் போனார் என்ற கேள்விக்கும், போய் வந்து என்ன கண்டார் என்ற கேள்விக்கும் பதில் பெரும்பாலும் நிலத்தில் இருக்கிறது. மெடலை மட்டும் வைத்து எழுதினால் பாதி வரலாறு கூடத் தேறாது.

சர்க்கார் இவர்களை எப்படி நினைவில் வைத்தது என்று முதலில் பார்க்கலாம். முதல் உலகப் போர் முடிந்ததும், ஆள் அனுப்பிய கிராமங்களில் வெள்ளைக்கார அரசாங்கம் சின்னச் சின்னக் கல்வெட்டுகளைப் பதித்தது. தமிழ்நாட்டிலும் சில ஊர்களில் அவை இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண்ணிக்கை மட்டும்தான் உண்டு, பெயர் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலோருக்கு அந்தக் காலத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும், செத்தது தன் பிள்ளை என்று அந்தக் கல்லைப் பார்த்து ஒரு தாய் கண்டுபிடித்திருக்க முடியாது.

போர்க்களத்திலும் இதே கதைதான். அந்தப் போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். திரும்பாதவர்கள் சுமார் 74,000 பேர். பிரான்சின் நவ் ஷபெல்லில் 1927ல் திறந்த நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில், வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கும் இடத்தில் அது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில் செத்தவர்களுக்கு பாஸ்ராவில் எழுப்பிய நினைவகத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு இந்த ரெஜிமெண்ட்டில் இத்தனை பேர் என்று ஓர் எண். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021ல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்பது அந்த அறிக்கையின் கணக்கு. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். அவர்களில் மிகப் பலர் கிராமத்து ஜனங்கள்.

எண்ணிக்கைக்குள் பெயர் இருந்தது என்பதைக் காட்டியது பஞ்சாப். 1919ல் பஞ்சாப் அரசாங்கம் போருக்குப் போனவர்களின் பட்டியலை கிராமம் கிராமமாக எழுதி வைத்தது. சுமார் 3,20,000 பேர். ஊர், தகப்பன் பெயர், சாதி, எந்தப் படைப்பிரிவு என்ற விவரங்களோடு அந்த நோட்டுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் 90 வருடங்களுக்கும் மேலாகத் தூங்கின. பிரிட்டனில் இருக்கும் பஞ்சாபியர்களின் மரபுரிமை அமைப்பும் கிரீன்விச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கி, 2021 நவம்பரில் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் ஆகிய மூன்று ஜில்லாக்களின் பதிவுகளை முதலில் வெளியிட்டன. தாத்தாவின் தாத்தா பெயரைத் தேடிப் பார்த்தவர்களுக்கு, வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு வரி கிடைத்தது. தாள் பத்திரமாக இருந்தால் நூறு வருடம் கழித்தும் ஒரு மனிதர் திரும்பி வருவார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் அந்த வரியிலும் ஒரு குறை உண்டு. போனார் என்று இருக்கும், ஏன் போனார் என்று இருக்காது.

ராஜ விசுவாசம் என்று சொன்னது சர்க்கார். வீர ரத்தம் என்று சொல்கிறது குடும்பம். 1914ல் காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். இன்றைக்குச் சிரிப்பு வரலாம். மழையை நம்பிய இரண்டு ஏக்கர் புன்செய்க்காரனுக்கு அது வானம் பார்க்காமல் மாதாமாதம் வரும் காசு. கிஸ்தி கட்டலாம், வட்டிக் கடையில் இருக்கும் பத்திரத்தை மீட்கலாம், செத்துப்போன மாட்டுக்குப் பதிலாக இன்னொன்று வாங்கலாம். அண்ணன் தம்பி மூன்று பேருக்கு இரண்டு ஏக்கர் போதாது என்றால், ஒருவன் பட்டாளத்துக்குப் போவது குடும்பம் கூடி எடுத்த பண்ணைக் கணக்கு. அதைச் சொல்வதால் அவன் வீரம் ஒன்றும் குறைந்து போகாது.

எல்லோரும் மனம் விரும்பித்தான் போனார்களா என்பது அடுத்த கேள்வி. 1917, 1918 வாக்கில் தானாக வருகிறவர்கள் குறைந்ததும், பஞ்சாபில் ஜில்லாவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். கிராமத்து அதிகாரிகள் நெருக்கினார்கள். கொடுத்தால் வெகுமதி, கொடுக்காவிட்டால் தொல்லை. அந்தப் பட்டியல் எழுதப்பட்ட அதே 1919ல்தான், ஏப்ரல் 13 அன்று, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் கூடிய ஜனங்கள் மீது சுட்டார்கள். ஒரு கையால் பெயரை எழுதிக்கொண்டு இன்னொரு கையால் சுட்ட அரசாங்கம் அது. பட்டியலைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

உடுப்பைப் போட்டுக்கொண்டதும் அவன் விவசாயி இல்லை என்று ஆகிவிடவில்லை. பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்தார்கள். அந்த மொழிபெயர்ப்புகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பாதிப் பேருக்கு மேல் எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல யாரோ எழுதிக் கொடுத்தது. அதில் பீரங்கியும் உண்டு, சாவும் உண்டு. கூடவே வீட்டில் மழை பெய்ததா, விளைச்சல் எப்படி, கடன் எவ்வளவு அடைந்தது என்ற விசாரிப்புகள். பிரெஞ்சுக்காரன் நிலத்தை எப்படிப் பண்படுத்துகிறான், அந்த ஊர்ப் பெண்கள் வயலில் எப்படி உழைக்கிறார்கள், பெண்பிள்ளைகளும் படித்திருக்கிறார்களே என்ற ஆச்சரியங்கள். பதுங்குகுழிக்குள் இருந்தபடி பக்கத்து வயலின் மண்ணைப் பார்த்தவனை வெறும் படைவீரன் என்று எப்படிச் சொல்வது?

போருக்குப் போனவன் பதிலுக்கு எதிர்பார்த்ததும் நிலம்தான். பஞ்சாபில் கால்வாய் வெட்டி உண்டாக்கிய புதிய குடியேற்றங்களில் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்தார்கள். சும்மா இல்லை. கீழ் ஜீலம் கால்வாய்க் குடியேற்றத்தில் நிலம் வாங்கியவர்களில் பலர் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க ஒரு பெண்குதிரையைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. அதாவது வயலில் நின்றாலும் பட்டாளம் விடவில்லை. இந்த நில உரிமையில், வாரிசு விஷயத்தில், சர்க்கார் கைவைக்கப் பார்த்தபோது 1907ல் பெரிய கிளர்ச்சி வந்தது. லாலா லஜபதி ராயும், பகத் சிங்கின் சித்தப்பா அஜித் சிங்கும் நாடு கடத்தப்பட்டு மாண்டலேயில் அடைக்கப்பட்டார்கள். இருந்தும் வைஸ்ராய் மின்டோ அந்த மசோதாவுக்குச் சம்மதம் தரவில்லை. காரணம் எளிது. வயலில் கோபப்படுகிறவனின் அண்ணனோ தம்பியோ கையில் துப்பாக்கியோடு படையில் இருந்தான்.

அப்படி ரத்தம் சிந்தி வாங்கிய நிலம் என்ன ஆனது? 1947ல் கோடு கிழித்தபோது லாயல்பூர் (இன்றைய பைசலாபாத்) பாகிஸ்தானுக்குப் போனது. சீக்கியச் சிப்பாய்களின் குடும்பங்கள் விளைந்து நின்ற வயலை விட்டுவிட்டு மாட்டுவண்டியில் கிழக்கே வந்தார்கள். இந்தியப் பக்கம் மாற்று நிலம் கிடைத்தது, ஆனால் வந்தவர்கள் விட்டுவிட்டு வந்த அளவுக்கு இங்கே நிலம் இல்லை. அதனால் அதிகம் வைத்திருந்தவர்களுக்கு அதிகம் என்ற விகிதத்தில் வெட்டிக் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கம், ஜலந்தர் சிப்பாயாக இருந்த முஸ்லிம் உழவர் இதே போல மேற்கே போனார். இருவரும் ஒரே ராஜாவுக்காகச் சண்டை போட்டவர்கள். மெடலை மட்டும் பார்த்தால் இந்தக் கதையின் ஒரு வரிகூடத் தெரியாது. நிலப் பத்திரத்தைப் பார்த்தால் முழுக்கத் தெரியும்.

சென்னை மாகாணத்துக்கு வந்தால் கதையின் தொடக்கமே வேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லார்டு ராபர்ட்ஸ் போன்றவர்கள் வடக்கே சில ஜாதிகள்தான் போர்க்குணம் கொண்டவை, தெற்கத்தியான் லாயக்கில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்ததில் பெரிய பங்கு மதராஸ் சிப்பாய்களுடையது என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. 1920களில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. பாலம் கட்டும், கண்ணிவெடி எடுக்கும் மதராஸ் சாப்பர்ஸ் மட்டும் நீடித்தது. பிறகு ஹிட்லரும் ஜப்பானும் வந்து ஆள் பற்றாக்குறை ஆனதும், லாயக்கில்லாதவன் திடீரென்று லாயக்கானான். 1940களின் தொடக்கத்தில் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி உயிர்பெற்றது. அந்தச் சாப்பர்ஸில் இருந்த காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, வெடிக்கப் போன கண்ணியின் மேல் தன் உடலைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். அவர் பெயர் நிலைத்தது. கூடப் போன ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பி வந்து கமலை இறைத்தார்கள், யாரும் எழுதவில்லை.

இரண்டாம் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம். போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாறு வருடம் மட்டுமே வேலை பார்த்த சிப்பாய்க்கு ஆயுட்கால பென்ஷன் கிடையாது. எனவே பட்டாளத்துத் தாத்தா என்றாலே பென்ஷனில் கால் நீட்டிப் படுத்தவர் என்று நினைப்பது தப்பு. நிறையப் பேருக்கு நிலம்தான் பென்ஷன்.

அவர் இல்லாத அந்த ஆறு வருடமும் நிலம் தரிசாகவா கிடந்தது? யார் உழுதார்கள், யார் கிஸ்தி கட்டினார்கள்? 1942ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. விலை ஏறியது. அந்தச் சமயத்தில் கைக்குழந்தையோடு களத்தில் நின்று, மணியார்டர் வராத மாதத்தில் தாலிக்கொடியை அடகு வைத்து நிலத்தைக் காப்பாற்றிய பாட்டிகள் எத்தனை பேரோ. அவர்களுக்குக் கல்வெட்டில் எண்ணிக்கைகூட இல்லை. தாத்தாவின் வரலாற்றில் பாட்டிக்குத் தனி அத்தியாயம் இல்லையென்றால் அந்த வரலாறு முழுசாகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. பல்லாயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கைதானார்கள். சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பலரும் சேர்ந்தார்கள். சேர மறுத்த கைதிகளில் பலரை ஜப்பானியர்கள் நியூகினி வரை கொண்டுபோய் அடிமை வேலை வாங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஐ.என்.ஏ. வீரர்களைப் படையில் திரும்பச் சேர்க்கவில்லை. விடுதலைப் போராட்ட பென்ஷன் திட்டம் வந்ததே 1972ல்தான். இப்போது எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் "தாத்தா நேதாஜி படையில் இருந்தார்" என்று சொல்லத்தான் ஆசை. வெள்ளைக்காரன் படையில் கடைசிவரை இருந்தார் என்றால் கொஞ்சம் கூச்சம். சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் முன்னால் நின்றது பசியும் துப்பாக்கியும் மேலே விழுந்த உறுதிமொழியும். எண்பது வருடம் கழித்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒருவரைத் தியாகி என்றும் இன்னொருவரைக் கூலிப்படை என்றும் தீர்ப்பு எழுதுவது சுலபம். பேரப்பிள்ளையின் வேலை அந்தத் தீர்ப்பு அல்ல. நடந்தது நடந்தபடி, பிடிக்காததும் சேர்த்து எழுதி வைப்பது.

எழுதுவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. முதல் உலகப் போர் மெடல் என்றால் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் போதும். நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். பிரிட்டிஷ் போர் மெடல் வெள்ளியில் இருந்தால் சிப்பாய், வெண்கலத்தில் இருந்தால் கூலிப் படைப்பிரிவிலோ அதுபோன்ற எடுபிடி வேலையிலோ போனவராக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆயுதம் இல்லாமல் குண்டுக்கு நடுவே நின்றவர் அவர். பழுப்பேறிய டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் இருந்தால் உடனே ஒரு நகல் எடுத்துவிடுவது நல்லது. அதோடு பழைய பட்டாவையும் கிரயப் பத்திரங்களையும் அடமானப் பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துத் தேதியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பட்டாளத்தில் சேர்ந்த வருடத்துக்கு முந்தின வருடம் நிலம் அடமானம் போயிருக்கிறதா? திரும்பி வந்த வருடம் மீட்கப்பட்டிருக்கிறதா? முன்னாள் படைவீரர்களுக்குப் புறம்போக்கு நிலம் ஒதுக்கும் வழக்கம் இங்கேயும் இருந்தது. அப்படி ஏதாவது வந்ததா, வந்தது இப்போது யார் கையில்? அந்த இரண்டு தாள்களையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் கூடத்துப் போட்டோவில் இருக்கும் மனிதர் பேச ஆரம்பிப்பார்.

தாள் இல்லாத வீட்டில் ஆள் இருக்கலாம். 1945ல் 18 வயதாக இருந்தவர் 1927ல் பிறந்தவர். அந்த வயதுக்காரர்களில் மிச்சம் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்கள் மனைவிமாரும் அப்படித்தான். "எந்தச் சண்டையில் இருந்தீர்கள்" என்று கேட்டால் வழக்கமான அந்த இரண்டு கதைதான் வரும். "நீங்கள் போனபோது வீட்டில் எத்தனை மாடு, வந்தபோது எத்தனை" என்று கேட்டால் வேறு கதை வரும். வருடம் சொல்லத் தெரியாவிட்டாலும் எந்தப் பஞ்சத்துக்கு முன்னால், எந்தப் புயலுக்குப் பின்னால் என்று சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வருடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கல்வெட்டில் எண்ணாக இருந்தவரைப் பெயராக்குவது சர்க்காரின் கடமை, அதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். அந்தப் பெயரை மனிதராக்கும் வேலையைச் சர்க்கார் செய்யாது. எத்தனை ஏக்கர், என்ன பயிர், எவ்வளவு கடன், யாருக்காகப் போனார், வந்தபோது யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்பதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டிரங்குப் பெட்டியைத் திறப்பவர்கள், மெடலுக்கு அடியில் இருக்கும் பட்டாவையும் எடுத்துப் பார்க்கட்டும். பிறகு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நோட்டும் பேனாவுமாக, மாட்டுக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கட்டும்.